ரெஜினாவின் கைக்கிரீம்

என் மனைவியின் கைகளைக் கெடுத்தவன் நான்தான். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சிறுமிகளுக்கு ரெஜினாதான் வெள்ளைச் சாட்டின் கவுன் தைப்பாள். மார்கழிக் குளிரில் அவளுடைய விரல்கள் வெடிக்கும். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து ஒரு கிரீம் செய்து கொடுத்தேன். அது தோலின் மேலேயே நின்றது.

“என்னாங்க வாத்தியாரே, வடை சுட்ட கையாட்டம் இருக்கு! இதோட சாட்டின தொட முடியுமா?” என்று சிரித்தாள்.

முப்பத்திரண்டு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். அந்தச் சிரிப்பைத் தாங்குவேனா? தோலுக்குள் இறங்கச் செய்யும் பொருள்களைத் தேடினேன். புரோப்பிலீன் கிளைக்கோலையும் மதுசாரத்தையும் தேர்ந்தெடுத்தேன். என் முழங்கையில் பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. அவள் கையில் பூசினேன்… நாற்பது எண்ணுவதற்குள் ஊறிவிட்டது!

“எரியுதுங்க.”

“எரிஞ்சாதான் உள்ளுக்கு இறங்குதுன்னு அர்த்தம்.”

தோல் சிவந்தது. நான் அந்த இரண்டையும் ஆறு துளியிலிருந்து பத்தாக்கினேன். வெடித்த தோலுக்குள் எதுவும் தானாகவே இறங்கும். அதை மூடிக் காக்கத்தான் ஏதாவது வேண்டும். இது எனக்குத் தெரியாதா? அவள் கேலி செய்த அந்தப் பிசுபிசுப்பே அவளுக்கு மருந்தாக இருந்தது… விரல்களில் இரத்தம் கசிந்தது.

கண்டி டவுனில் ஒரு டொக்டரிடம் போனோம்.

“கைக்கு என்ன பூசுறீங்க?”

“இவரு செய்ற கிரீம்தான் டொக்டர்.”

“வெறும் தேங்காயெண்ணெயும் மெழுகும்,” என்றேன் நான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை என்னையே கேட்கிறேன்.

அப்படியானால் அவள் தைக்கும் துணியில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, தையலை விட்டுப் பாருங்கள் என்றார் டொக்டர். அவள் விட்டாள். அன்றே நானும் அந்த இரண்டையும் கிரீமில் சேர்ப்பதை விட்டேன். கைகள் ஆறின. தையலை விட்டதால்தான் ஆறின என்று நம்புகிறாள்!

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாய் தன் மகளோடு வந்தாள். “அன்ரி, ஒரே ஒரு கவுன். நீங்க தச்சாதான் அழகு.”

ரெஜினாவின் விரல்கள் சிறுமியின் தோளைச் சாண் போட்டு அளந்தன… பழக்கம்! பிறகு கையை இழுத்துக்கொண்டாள். “துணி எனக்கு ஆகாது மகள்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன்…

“மழை வரும் போல, கொடை எடுத்தியா?” என்றுதான் கேட்டேன்.