எண்ணூற்று நாற்பதில் நின்ற எண்

என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் பெரிய பயந்தாங்கொள்ளி. பட்டாபிராமில் ரயில் நின்ற பிறகும் நன்றாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அவர் ஒரே ஒரு முறை தைரியம் காட்டினார்.

தொண்ணூற்றாறில், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரே கம்ப்யூட்டர். உலையின் சூடு அளவு மீறினால் எரிவாயுவை நிறுத்துவதும் அதுதான். முதலாளி கங்காதரனுக்கு அந்தச் சூட்டைக் கலர் கலராக வரைந்து காட்டுவதும் அதுதான். எல்லா வேலைகளும் ஆளுக்குக் கொஞ்சம் நேரம் என்று பங்கு போட்டுக்கொள்வதால், திரையில் மவுஸ் அம்பு திக்கித் திக்கித்தான் நகரும்.

"இன்னாய்யா தாசு, அம்பு நொண்டிகினு போவுது? நாளைக்கு கஸ்டமர் வராங்க, என் மானம் போயிடும்!" என்றார் முதலாளி.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில், இவர் யாரையும் கேட்காமல், திரையை வரையும் வேலைகளுக்கே முன்னுரிமை கொடுத்துவிட்டார். அவை ஓய்ந்த பிறகுதான் மற்றவற்றுக்கு நேரம். படம் வரையும் புரோகிராம் ஓயவே ஓயாது என்பது இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வந்தவர்கள் முன்னால் முதலாளி படத்தைத் திறந்தார். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. அவருக்கு வாயெல்லாம் பல். இவர் மட்டும் திரை மூலையில் உலையின் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தார். 840. பத்து நிமிடமாக அதே 840. எரிகிற உலையின் சூடு அப்படி அசையாமல் நிற்காது. சூட்டைக் கவனிக்கும் புரோகிராமுக்கு நேரமே கிடைக்கவில்லை!

படம் வரைவதை நிறுத்தச் சொல்லிக் கட்டளை தட்டினார். ஒரு எழுத்துகூடத் திரையில் விழவில்லை. அதற்கும் நேரம் இல்லை.

உலை வாசலில் தொழிலாளி வேம்புலி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். இவர் ஓடிப்போய் எரிவாயுவை மூடி, அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி, ஏறியிருந்த சூடு தாங்காமல் உலைக் கதவு பெயர்ந்து அவர் நின்ற இடத்தில் விழுந்தது.

"மெஷின் ரிப்பேர்" என்றார் முதலாளி. எல்லோரும் இவரைத் தட்டிக்கொடுத்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டுவிட்டு, தான் முன்னுரிமையை மாற்றியதுதான் காரணம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேம்புலி சைக்கிளில் கரும்பு கொண்டுவருகிறார். மணிச் சத்தம் கேட்டாலே இவர் அடுப்படிக்கு வந்து என்னைக் கேட்பார்: விஷயம் தெரிந்துதான் வருகிறாரோ?

இந்தப் பொங்கலுக்குக் கைக்குழந்தையான பேரனோடு வந்தார்.

"உன் பேரைத்தான் வெச்சிகீறேன் அண்ணாத்தே. தாசு. நீ இல்லாங்காட்டி இவன் ஏது? தூக்கிக்கோ."

இவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்தான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.