நடேசன் அண்ணாச்சி வைத்த சேனை

சனத்நகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நடேசனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் ஹைதராபாத்தில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் வீடுகளில் குழந்தை பிறந்தால் சேனை வைக்க அவரைக் கூப்பிடுவார்கள். சீனித் தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் முதலில் வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. சொந்தப் பிள்ளை இல்லாத மனுஷனுக்கு அதில் உள்ளூரக் கொள்ளைப் பெருமை.

மாதாப்பூரில் ஐ.டி. வேலை பார்க்கும் தாரிணிக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று நடேசனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வரவில்லை என்று ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வேறு யாராவது சேனை வைத்துவிடுவார்களே!

"தொண்டை கட்டிருக்கே அண்ணாச்சி?" என்றாள் தாரிணி.

"லேசா தடுமம்தாம்மா. பனி ஒத்துக்கல."

கையால் வாயைப் பொத்தி இருமினார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அதே கையின் விரலைத்தான் சீனித் தண்ணீரில் தொட்டார். பிள்ளையின் முகத்தருகே குனிந்து, "என்னய மாதிரி இருக்கணும்டே" என்றார்.

அந்த வாரமே பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நடேசன் பதறி ஓடிவந்து வார்டு வாசலில் தாரிணியோடு நின்றார். பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போகிற வைரஸ் பச்சைப் பிள்ளைக்கு நுரையீரலில் இறங்கிவிடும், இருமல் துளியோ இருமிய கையோ போதும் என்று சொன்ன டாக்டர், "யாருக்காவது ஜலதோஷமா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாள் தாரிணி, நடேசன் பக்கம் திரும்பாமலே. அவள் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"எனக்குத்தான்" என்றார் நடேசன்.

குணத்தைக் கொடுக்கப் போய் இருமலைக் கொடுத்துவிட்டு வந்தோமே என்று அன்று பட்டறையில் உட்கார்ந்து அழுதார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன்பின் சேனைக்கு அழைத்த ஒரு வீட்டுக்கும் அவர் போகவில்லை. முதல் பிறந்தநாளுக்குத் தாரிணியே வந்து வற்புறுத்தியதால் போனார். தடுமம் இல்லை, கையையும் இரண்டு தடவை கழுவியிருந்தார். ஆனாலும் வாசற்படியைத் தாண்டவில்லை. யாரிடமும் போகாத பிள்ளை அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"தூக்குங்க அண்ணாச்சி. உங்க பிள்ளைதான!"

"நக்கோம்மா, நக்கோ. வேண்டாம்" என்று ஹைதராபாத் உருதுவும் தமிழுமாகச் சொல்லிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழுதது. தூக்கியிருந்தால் அடங்கியிருக்கும்.