கம்ப்யூட்டர் ஏன் இடது பக்கம் இழுத்தது?

போன சனிக்கிழமை மத்தியானம். மூலக்குளத்தில் எங்கள் வீடு. என் மகள் சுகன்யா லேப்டாப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"அப்பா... தப்பாப் போச்சு."

திங்கட்கிழமை அவளுக்கு டெமோ!

சுகன்யா சென்னையில் கப்பல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சுக்கானை இவ்வளவு திருப்பினால் கப்பல் எவ்வளவு திரும்பும்? இதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. கப்பல் ஓடியதைப் பதிவு செய்து காட்டினால், அதுவே பார்த்துப் பழகிக்கொள்ளுமாம். முதலில் சின்னதாகப் பழகட்டும் என்று வைத்திக்குப்பம் மீனவர் ஏழுமலையின் லாஞ்ச்சை, அதாவது விசைப்படகை, ஏற்பாடு செய்தோம். 'தனியா அனுப்பாதீங்க' என்று மனைவி சொன்னதால் நானும் ஏறினேன். நீச்சல் தெரியாத பாதுகாவலன்!

இரண்டு நாள் ஓட்டினோம். "வலது பத்து டிகிரி" என்பாள். ஏழுமலை சுக்கானைத் திருப்புவார். "இடது பத்து!" லாஞ்ச் பாம்பாக நெளியும். ஜிபிஎஸ் பதிவு செய்யும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் கணித்துப் போட்ட கோடும் லாஞ்ச் போன கோடும் அச்சு அசலாக ஒன்று. மனைவி கேசரி கிளறினாள்.

சனிக்கிழமை காலையில் முதல் தடவையாகத் தெற்குப் பார்த்து ஓட்டினோம். குட்டு உடைந்தது. லாஞ்ச் வலது பக்கம் ஒதுங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரோ இடது பக்கம்தான் போகும் என்கிறது!

"ரெண்டு நாளும் வடக்குப் பார்த்தே ஓட்டிட்டோம்பா. காத்து கடல்லேருந்து இடது பக்கமா தள்ளிட்டே இருந்திருக்கு. அத லாஞ்ச்சோட குணம்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கிச்சு."

"சரி, அந்த ரெண்டு நாள் கோட்ட மட்டும் காட்டேன். யாருக்குத் தெரியப் போவுது?"

இப்படிச் சொன்னது யார்? வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நேர்மையைப் பற்றி உபதேசம் செய்கிற சாட்சாத் நானேதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "துறைமுகத்துக்குள்ள கப்பல் ஓட்டறவங்க இத வெச்சுத்தான் பழகப் போறாங்க. எந்தப் பக்கம் போவும்னே தப்பாப் பழகிட்டாங்கன்னா?"

தன் பேராசிரியருக்குப் போன் போட்டாள். "தப்பு என் மேலதான் சார்..." அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்? மூன்று வருஷ உழைப்பு போச்சா?

"சரி சார்... சரி சார்." வைத்துவிட்டாள். "டெமோவ தள்ளி வெச்சுட்டார். செம கோவம். ஆனா, மத்தவங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நீயே சொன்னியேன்னார்."

புதன்கிழமை நாலு திசையிலும் ஓட்டினோம். "போட்டுக்கே தல சுத்துது சார்" என்று ஏழுமலை முனகினார். மறுபடி கற்றுக்கொடுத்தபின் வந்த புதுக் கோடுகள் முன்போல அச்சாகப் பொருந்தவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கோடும் லாஞ்ச் கோடும் ஒரே பக்கம் போயின. சுகன்யா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நாமும் இப்படித்தானே? ஒருவரை இரண்டு நாள் பார்த்துவிட்டு 'சிடுமூஞ்சி' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த இரண்டு நாளும் அவர்மேல் எந்தக் காற்று அடித்ததோ... யார் கேட்டோம்?

டெமோ வருகிற வெள்ளிக்கிழமை. சுகன்யா என்னிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டிருக்கிறாள் — யோசனை எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டுமாம்!