சட்டைப்பையில் தலைகீழாக ஒரு போன்

பாளையம்பட்டியில் எங்கள் தெருவில் யாருடைய போனில் சார்ஜ் ஏறவில்லை என்றாலும் முதலில் முத்துராஜிடம்தான் போவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவருக்காவது சார்ஜ் ஏறியதா என்று என்னிடம் கேட்காதீர்கள். மனிதர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். நாளைக்கும் அவர் முகத்தில் நான் முழிக்க வேண்டும்.

முத்துராஜுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. அவருடைய அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் பருத்திக்காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர். தான் அதே பருத்தியை நூலாகப் பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதில் மகனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒல்லியான ஆள், மூக்குக்கு மேல் கோபம், நல்ல மனசு. ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று மட்டும் அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

சார்ஜ் ஏறவில்லையா? ஓல்டேஜ் குறைவு, தெருவில் மிக்ஸி ஓடி முடியட்டும் என்பார். மிக்ஸி ஓய்ந்த பிறகும் ஏறவில்லையா? ஒயரில் கரண்டு தேங்கியிருக்கிறது, உதறிவிட்டுப் போடு என்பார். அடுத்த வீட்டு மாரிக்கனி அவர் பேச்சைக் கேட்டுத் தன் போனை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்து, உலை வைக்கும் அவசரத்தில் அதையும் சேர்த்துக் களைந்துவிட்டாள். தண்ணீர் வடிய எடுத்துக்கொண்டு வந்தவளிடம் நம் நிபுணர் சொன்ன யோசனை, மறுபடியும் அரிசியில் போடு என்பதுதான். போன் கடைக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கடைக்காரன் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் நல்ல சாமானை உருவிக்கொள்வானாம். சார்ஜ் போடும் ஓட்டைக்குள் குச்சியோ ஊக்கோ விடுவது அதைவிடப் பெரிய பாவம். உள்ளே கரண்டு இருக்கிறது, விட்டவர் செத்தே போவார். இதை அவர் மனைவி தங்கமாரியிடம் அழுத்திச் சொல்லிவைத்திருந்தார்.

இத்தனை வைத்தியமும் அவர் தன் சொந்தப் போனிடம் பழகியதுதான். அதில் சார்ஜ் நின்று நின்று ஏறும். ஒயரை ஒரு பக்கமாக வளைத்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்து, வீட்டில் யாரும் பக்கத்தில் நடக்காமல் இருந்தால் கொஞ்சம் ஏறும். தங்கமாரி தெரியாமல் அந்தப் பக்கம் கூட்டப் போனால் வீட்டில் சண்டை.

அந்தப் போனை அவர் சட்டைப்பையில் வைக்கும் விதமே தனி. எப்போதும் தலைகீழாகத்தான் செருகுவார். தறி ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது, போன் அடிப்பது எங்கே கேட்கும்? போனின் சத்தம் அடிப்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான் வருகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அவருடைய கண்டுபிடிப்புகளில் உண்மையானது இது ஒன்றுதான். அதனால் அடிப்பக்கம் காதைப் பார்த்து இருக்கும்படி வைத்தார். அப்படிக் காத்திருந்தது முதலாளி கூப்பிடுவார் என்றல்ல. அவருடைய அக்கா வெள்ளைத்தாய் திருச்சுழிக்குத் தெற்கே ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மா போன பிறகு இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் கூப்பிட்டு ஒருமுறை எடுக்க முடியாமல் போனால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட அக்கா வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டார் என்றால், அதற்குக் காரணம் ஒரு சார்ஜர்.

போன வருஷம் வெள்ளைத்தாய் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். வந்த சொந்தம் எல்லாருடைய போனும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்கின. முத்துராஜ் சார்ஜரும் மச்சான் சந்தனத்தின் சார்ஜரும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. கிளம்பும் அவசரத்தில் ஒன்றை உருவிக்கொண்டு இவர் பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்து போட்டால் இஸ்திரிப் பெட்டி வைத்தும் சரியாக ஏறவில்லை. மச்சான் மாற்றி எடுத்துவிட்டார் என்று முடிவு கட்டிப் போன் போட்டார். சந்தனம் கரிமூட்டத்தில் வேலை பார்ப்பவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் மூடிக் கரியாக்கும் வேலை. அவருக்கும் கோபத்துக்குக் குறைவில்லை. தன் போனிலும் அன்றிலிருந்து ஏறவில்லை என்றும், நல்ல சார்ஜரைக் கொண்டுபோனது மாப்பிள்ளைதான் என்றும் அவர் திருப்பிச் சொன்னார்.

சொந்தக்காரர் ஒருவர் மூலம் சார்ஜர்கள் கைமாறின. அதற்குப் பிறகும் இரண்டு போனிலும் ஏறவில்லை. இங்கே இவர், மச்சான் நல்லதை வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு ஓட்டைச் சார்ஜரைக் கொடுத்துவிட்டார் என்றார். அங்கே அவரும் அதையே சொன்னாராம். முத்துராஜ் பஜாரில் புதுச் சார்ஜர் வாங்கிப் பார்த்தார். அதிலும் ஏறவில்லை. லோக்கல் சாமான் அப்படித்தான், தன் போனுக்குக் கம்பெனிச் சார்ஜர்தான் சேரும் என்று அதைத் தூக்கிப் போட்டார். அந்தச் சார்ஜரை வேறு போனில் போட்டுப் பார்க்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். அடுத்தவர் போன் பழகினால் சார்ஜர் கெட்டுப்போகும் என்றார்.

இப்படியே மாதங்கள் ஓடின. போன் பாதி நாள் அணைந்தே கிடந்தது.

இந்த நிலையில்தான் வெள்ளைத்தாயின் மகள் அனுசியாவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். அனுசியா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் மணவறை ஏறுவதில்லை. பத்திரிகையும் முதலில் தாய்மாமன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மாமா வராவிட்டால் நான் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்தனமும் வெள்ளைத்தாயும் தாம்பூலத்தட்டோடு எங்கள் தெருவில் வந்து இறங்கினார்கள். முத்துராஜ் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். நடுவில் ஒரு பொது ஆள் வேண்டுமாம்.

சந்தனம் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். செருப்புக்குள் சாக்ஸ் வேறு போட்டிருந்தார். அடிக்கிற வெயிலில் துரை சாக்ஸ் மாட்டி வந்திருக்கிறார், நடையில் வீம்பைப் பார் என்று முத்துராஜ் என் காதில் சொன்னார். தங்கமாரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சந்தனம் அதைத் தொடவில்லை. கை நனைக்காமல் போய்விடுவது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்திருந்தார்.

தட்டை நீட்டி அவர் சொன்னது இவ்வளவுதான்: "மொதப் பத்திரிக்கை உங்களுக்கு. வாறதும் வராததும் உங்க இஷ்டம்."

ஏலே மாப்ளே என்று தோளில் கை போட்டுப் பேசிய மனிதர். அந்த ‘உங்களுக்கு’ முத்துராஜுக்கு வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என் மருமக கல்யாணத்துக்கு வராம நான் எங்க போகப் போறேன்? ஆனா அந்தச் சார்ஜருக்கு இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும் மச்சான்."

சந்தனம் அதற்கும் தயாராக வந்திருந்தார். தட்டு கொண்டுவந்த அதே பையிலிருந்து தன் சார்ஜரை எடுத்து வைத்தார். வெள்ளைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் இரண்டு சார்ஜர், இரண்டு போன். நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நீதிபதி மாதிரி நின்றேன். இவர் சார்ஜரில் இவர் போனைப் போட்டோம், ஏறவில்லை. அவர் சார்ஜரில் போட்டோம், ஏறவில்லை. அவர் போனையும் இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். அதிலும் ஏறவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தீரா என்று என்னைப் பார்த்தார்கள். எதைப் பார்க்கச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தங்கமாரி என் போனை வாங்கி இரண்டு சார்ஜரிலும் மாற்றி மாற்றிப் போட்டாள். இரண்டிலும் நன்றாக ஏறியது.

"சார்ஜரு ரெண்டும் நல்லாத்தான இருக்கு. சீக்கு போனுலதான்" என்றாள்.

முத்துராஜ் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அவருடைய போனை அணைத்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அந்த ஓட்டைக்குள் மெதுவாக விட்டாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் சாகவில்லை. ஈர்க்கோடு ஒரு பஞ்சுத் துணுக்கு வந்தது. மறுபடி விட்டாள், இன்னும் வந்தது. தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சு வருஷக்கணக்காக உள்ளே இறங்கி, ஒயர் செருகச் செருக அழுந்தி, அடியில் மெத்தை போட்டுக் கிடந்திருக்கிறது. ஒரு விளக்குத் திரிக்குத் தேறும். அவள் ஒயரைச் செருகினாள். உள்ளே போய் நன்றாகப் பொருந்தி நின்றது. திரையில் சார்ஜ் ஏறும் படம் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டி தேவைப்படவில்லை.

நான் சிரித்துவிட்டேன். வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. அந்தப் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏப்பா தம்பி, அன்னைக்கும் இப்படி அடைச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சா?" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டார் முத்துராஜ். அப்போதுதான் அவள் சொன்னாள். தை மாதக் கடைசியில் கரிமூட்டத்தின் மேல் ஏறி நின்றபோது மண் உள்வாங்கி, சந்தனத்தின் கால் நெருப்புக்குள் இறங்கிவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். தனியாக நின்ற வெள்ளைத்தாய், கூப்பிடு தூரத்தில் இருக்கும் தம்பியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைந்தே இருந்தது. நம்மோடு பேசக் கூடாதென்றுதான் அணைத்து வைத்திருக்கிறான், இனி அவனுக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று சந்தனம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். மகளிடமும் வாங்கிவிட்டார். வெள்ளைத்தாய் இதைச் சொன்னபோது சந்தனம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜருக்காக ஒரு மனிதர் இவ்வளவு நாள் முகம் திருப்பிக்கொண்டிருக்க மாட்டார் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க கூப்பிட்டா காதுல விழணும்னுதான் மதினி போனைத் தலகீழா வச்சிருந்தாரு. அதுலதான் பஞ்சு பூராவும் எறங்கிருச்சு" என்றாள் தங்கமாரி.

அவள் அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். முத்துராஜ் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர் மேல் பிரியம் வந்தது. எல்லாம் தெரிந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லக்கா. மறுநாளு போனு உசுரு வந்தப்ப நீ கூப்பிட்டதா மெசேஜ் வந்துச்சு, பாத்தேன். சார்ஜருக்காகத்தான் கூப்பிட்டிருப்பன்னு நெனச்சுப்புட்டேன். திருப்பிக் கூப்பிடல."

அவர் அழுதார். அழுதுகொண்டே தரையில் உட்கார்ந்து, மச்சானின் செருப்பைக் கழற்றி, தான் கேலி பண்ணிய அந்தச் சாக்ஸை மெல்ல உருவினார். கணுக்கால்வரை தோல் சுருங்கிச் சிவந்து கிடந்தது. அதைத் தொடப் பயந்து கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சந்தனம் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மாப்பிள்ளையின் தோளில் கை வைத்து, "ஏலே மாப்ளே, எந்திரி. காப்பி ஆறிப்போச்சு, சூடு பண்ணச் சொல்லு" என்றார்.

காப்பி சூடாகும் நேரத்தில் தங்கமாரி சந்தனத்தின் போனிலும் ஈர்க்கை விட்டாள். அதிலிருந்து கரித்தூள் கொட்டியது. வெள்ளையும் கறுப்புமாகக் கிடந்த குப்பையைப் பார்த்து, அழுத முகத்தோடு அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். சந்தனம் காப்பியைக் குடித்துவிட்டு மதியச் சோற்றுக்கும் இருந்தார்.

திருச்சுழியில் கல்யாணம். பட்டு வேட்டி, புதுச் சட்டை, தலையில் உருமா. முத்துராஜ் மாலையைப் பிடித்துக்கொண்டு மருமகள் முன்னால் நின்றபோது அவர் சட்டைப்பைக்குள் போன் அலறியது. இப்போது அதைத் தலை நிமிர்த்தித்தான் வைக்கிறார், முழுச் சார்ஜும் இருந்தது. மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். மாலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு முதல் மணியிலேயே எடுத்துக் காதில் வைத்தார். யாராம் இந்த நேரத்தில் என்று நான் எட்டிப் பார்த்தேன். மணவறைக்கு அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா தூணோரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. எடுக்கிறியான்னு பாத்தேன்."

முத்துராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாலையைப் போட்டார்.