மூன்றாவது வரிசையில் ஒரு முகம்

அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் எந்தக் கல்யாண பேனரைப் பார்த்தாலும் சரி, அதில் வரிசை கட்டிச் சிரிக்கிற தலைகளை வெட்டி எடுத்தது ஜம்புலிங்கம்தான். ஃபிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை. பைக்கில் சாய்ந்த மச்சான், கோயில் வாசலில் கண்ணைச் சுருக்கிய பெரியப்பா, யார் படம் வந்தாலும் பின்னால் இருக்கிற சுவர், மரம், பக்கத்து ஆளின் தோள் எல்லாவற்றையும் நீக்கி, ஆளை மட்டும் தனியாக எடுப்பான். இப்போதுதான் ஒரே தட்டில் பின்னணியை எடுக்கிற ஆப் வந்துவிட்டதே என்பீர்கள். வந்து என்ன, அது காதைக் கடித்துவிடுகிறது. இவன் மவுஸைப் பிடித்து ஓரம் ஓரமாகப் போவான். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை.

வேலை முடிந்தால் மாடியில் ஒற்றை அறை. அப்பா அம்மா போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் இல்லை, நாற்பது தாண்டியும் பெண் அமையவில்லை. ஊரான் வீட்டுச் சொந்தங்களையெல்லாம் பக்கம் பக்கமாக நிறுத்துகிறவனுக்கு, பக்கத்தில் நிற்க ஒரு ஆள் கிடையாது. அது அவனுக்கு வலித்தது.

போன வருஷம் தை மாதம், வேம்புலி தன் மகன் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க வந்தார். இரண்டு வீட்டுச் சொந்தமும் சேர்ந்து எக்கச்சக்கத் தலைகள். மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு இடம் காலியாக இருந்தது. புத்தி எங்கே போச்சோ, ஜம்புலிங்கம் தன் படத்தை வெட்டி அங்கே வைத்துவிட்டான். யாராவது பார்த்துத் திட்டட்டும், திட்டுவதற்காகவாவது ஒருத்தர் பார்க்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

ஒருத்தரும் கேட்கவில்லை. மண்டபத்துக்கு எதிர் டீக்கடையில் நின்று பார்த்தான். ஜனங்கள் அவரவர் முகத்தைத் தேடிப் பிடித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

இந்த வருஷம் மருமகளுக்கு வளைகாப்பு என்று வேம்புலி மறுபடி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜம்புலிங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“பழைய தலைங்களையே வச்சிக்கோ நைனா. இந்த ஆளை மட்டும் தூக்கிடு,” என்று திரையில் திறந்திருந்த கல்யாண பேனரின் மூன்றாவது வரிசையில் விரலை வைத்தார்.

“ஏன்ணா, யாரு இவரு?”

“யாருக்குத் தெரியும்? பொண்ணு ஊட்டு ஆளுன்னு நாங்க நெனச்சிகினு இருந்தோம். அவங்க எங்க ஆளுன்னு நெனச்சிகினு இருந்தாங்களாம். கல்யாணத்துக்கும் வரல. அவனுக்கு இன்னாத்துக்கு எடம்?”

ஜம்புலிங்கம் திரும்பி அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தான். படத்தில் இருக்கிற அதே மூக்கு, அதே மீசை இவனுக்கு. இப்போதாவது தெரியும் என்று காத்திருந்தான்.

“இன்னா நைனா பாத்துகினு கீற? எடு,” என்றார் வேம்புலி.

எடுத்தான்.

“ஓட்டையா கீது பாரு. ஒரு ரோஜாப்பூ வச்சிடு.”

ஜம்புலிங்கம் நல்ல பூவாகத் தேடி, இலை ஓரம் பிசகாமல் வெட்டி, அந்த இடத்தில் வைத்தான்.