முகாம் சார் தோண்டவைத்த ஊற்று

புதுப் பனியனை வாளியில் ஊறப்போட்டால் எழும் அந்தப் புளித்த சாய நெடி, இன்று காலை என்னை நொய்யல் கரையின் மணல் திட்டுக்கு இழுத்துப் போனது. இப்போது அங்கே மணலும் இல்லை, திட்டும் இல்லை. வேலிமுள்ளெல்லாம் பனியன் வேஸ்ட் துணுக்குகள் பூத்துக் கிடந்த அந்த இடத்தில்தான், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், காட்டில் மாட்டிக்கொண்டால் பிழைப்பது எப்படி என்று விடுமுறை முகாமில் பள்ளிப் பிள்ளைகளான எங்களுக்குக் கற்றுத்தர வந்த முகாம் சார், கழுத்தில் விசிலும் இடுப்பில் கத்தியும் ஆட, பாட்டில் தண்ணீரையெல்லாம் கீழே ஊற்றச் சொல்லிவிட்டு, மண்ணே தண்ணீர் தரும் என்று முழங்கி, மணலைத் தோண்டவைத்தார். வெயில் மண்டையைப் பிளக்க, நகக்கண் எரிய எரியத் தோண்டினோம். ஊறியது, ரோஸ் நிறத்தில், நுரையோடு. சாயப்பட்டறைகளுக்கு நடுவே தோண்டினால் வேறென்ன ஊறும்? அந்த மேதை ஒருவருக்குத்தான் அது தெரியவில்லை.

"தெளிஞ்சதும் குடிக்கலாங் கண்ணு" என்றார்.

தாகத்தில் அழுதுகொண்டிருந்த என் தங்கை, "நீங்க குடிச்சுக் காட்டுங்க சார்" என்றாள்.

குனிந்தார், முகர்ந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த வனராஜா எங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போய் நின்ற இடம், பக்கத்துச் சாயப்பட்டறையின் கேட்.

"ஏனுங்க, கொழந்தைங்களுக்குக் கொஞ்சம் தண்ணி வேணுங்க."

வாட்ச்மேன் குடத்தைக் காட்டினார். "லாரித் தண்ணிதானுங்க, பயப்படாமக் குடிங்க. ஆத்துத் தண்ணியில நாங்க காலுகூடக் கழுவறதில்லீங்க."

தங்கை கை நீட்டுவதற்குள் சொம்பை எடுத்தவர் முகாம் சார். இரண்டு சொம்பு குடித்து, மீசையைத் துடைத்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார்.