தியெனா என்றால் நாள்

பரிஸ் லா சப்பலில் நான் அறை சுத்தம் செய்யும் ஹோட்டலில், பகல் பதினொரு மணிக்கு உடைமாற்றும் அறைக்குள் இரண்டு நாடுகள் ஏறக்குறைய ஒரே வணக்கத்தைச் சொல்லிக்கொள்ளும். லாத்வியாக்காரி இங்கா ‘லப்தியென்’ என்பாள். லித்துவேனியாக்காரி ரூதா ‘லபா தியெனா’ என்பாள். முதன்முதலாக அது ‘லாப தினம்’ என்றுதான் என் காதில் விழுந்தது. எங்கேயோ மலிவு விற்பனையாக்கும் என்று நினைத்தேன். நல்ல நாள் என்பதாம். இருவருக்கும் நாளின் பெயர் தியெனா. இங்கா சொல்லின் தலையில் அழுத்துவாள், ரூதா வாலில். எங்களிடமும் தினம் என்றொரு சொல் உண்டு என்று பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் வியக்கவில்லை. பதினாறு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றப் போகிறவர்களுக்கு நாள் என்பது முதுகுவலிதான்.

ரூதா ஒரு வியாழக்கிழமை விரிப்பை உதறும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். குடல்வால் வெடித்திருந்தது. மறுநாள் அவள் ஊருக்குப் பறக்க இருந்தவள். சனிக்கிழமை அங்கே மகளுக்குக் கல்யாணம்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஓய்வு. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சலில் ரூதா பிரெஞ்சை மறந்துபோயிருந்தாள்.

“தியான் யார்? மகளா? காலையிலிருந்து அவளைத்தான் கேட்கிறா,” என்றாள் தாதி.

நான் குனிந்து கேட்டேன். “கொக்யா தியெனா?” என்றாள் ரூதா. அவள் ஆளைக் கேட்கவில்லை. இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்பா யாழ்ப்பாணத்தில் செத்தபோது என்னிடம் அகதி அட்டைதான் இருந்தது. அங்கே போக முடியாது. செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள்தான் அண்ணை போன் எடுத்துச் சொன்னார். “நீ அங்கை தனியக் கிடந்து அழுவாய் எண்டுதான் சொல்லேல்லை,” என்றார். அந்த மூன்று நாட்களும் நான் கட்டில் விரித்தேன், சிரித்தேன், மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அண்ணையை மன்னித்துவிட்டேன். அந்தக் குழம்பை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

“சம்தி,” என்றேன். சனிக்கிழமை.

ரூதா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அழுவதற்குக்கூட வயிற்றுத் தையல் விடவில்லை. திரும்பி, “மணி என்ன?” என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு தன் கைபேசியைக் காட்டினாள்.

நான் வெளியே வந்து என் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, நான் வரச் சுணங்கும். சோத்தைப் போட்டுச் சாப்பிடுங்கோ.”

“ஏன், ஆருக்கு என்ன?” என்றார் கணவர்.

“ஒரு கல்யாணம்.”

“ஆஸ்பத்திரியிலையோ?”

“ஓம்.”

ரூதாவின் மகள் வெள்ளை உடுப்போடு கைபேசித் திரையில் வந்தாள். ரூதா கூந்தலை ஒதுக்கிவிடச் சொல்லிச் சைகை காட்டினாள்; ஒதுக்கிவிட்டேன். குழாய்கள் தெரியாதபடி முகத்துக்கு மட்டும் கைபேசியைப் பிடித்தேன். அங்கே மேசையருகே தாய்க்கென்று ஒரு கதிரை விட்டிருந்தார்கள். மகளின் கைபேசியை அதன் மேல் சாய்த்து வைத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கதிரையை முத்தமிட்டுப் போக, பரிஸில் ரூதா கட்டிலில் கிடந்தபடி கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் வலக்கை உளைந்தது. சத்தமில்லாமல் இடக்கைக்கு மாற்றினேன்.